நடைவழியில் நின்ற திரைகள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்கத்து இளைஞர் சிலர் தமிழில் வலைப்பதிவு ஒன்றைத் தொடங்க முனைந்திருக்கின்றனர் என்பது இங்குள்ளோர் பலரும் அறிந்த செய்தியே. பிழைப்பை நாடி வடபுலம் போந்து இங்கேயே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை, அவ்வக் குடும்பத்தாரே எழுதி வைப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். நோக்கத்தில் எவர்க்கும் மாறுபாடு இல்லை. அதனை மக்களிடம் எங்ஙனம் கொண்டு செல்வது என்பதிலேதான் செயற்குழுவில் இரு கருத்துகள் எழுந்தன. வரும் ஆண்டு விழாவில் மண்டபத்தின் ஓரமாக ஒரு ஸ்டால் அமைத்து, வண்ணத் துண்டறிக்கை அச்சிட்டு வழங்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். நல்ல சரக்கு தானே விலைபோகும். உறுப்பினரின் சந்தாப் பணத்தில் ஒரு காசும் விளம்பரத்திற்குச் செலவிடலாகாது என்றனர் மற்றொரு சாரார்.

இவ்விரு சாராரும் எண்ணிப் பார்க்கத்தக்க வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் ஆஸ்டின் நகரில் 2007-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிகழ்ந்தது அது. வயதில் ஓராண்டும் நிரம்பாத ஒரு நிறுவனம், ஒரு மாநாட்டின் சில நாட்களில் தன்னை உலகறியச் செய்துகொண்ட வரலாறு அது. அதனை உங்கள்முன் வைத்து, அதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று ஆராய்வதே இவ்வுரையின் பொருள்.

முதற்கண் வலைப்பதிவு என்பது யாது எனக் காண்போம். இணையத்தில் ஒருவர் தம் எண்ணங்களை நாள்தோறும் எழுதி வர, புதியது மேலும் பழையது கீழுமாக அவை அடுக்கப்பெற்று, எவரும் படிக்குமாறு அமைவதே வலைப்பதிவு. 'வெப்லாக்' என்னும் ஆங்கிலச் சொல் 1997-இல் வழக்கிற்கு வந்தது. 1999-இல் அது 'பிளாக்' எனக் குறுகிற்று. அதே 1999-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்த பைரா லேப்ஸ் என்னும் சிறு நிறுவனம் 'பிளாகர்' என்ற கருவியை வெளியிட்டது. கணிப்பொறியின் மொழி அறியாதவரும் தாம் எழுதியதைத் தாமே இணையத்தில் ஏற்றுவதற்கு அக்கருவி வழி செய்தது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தோர் இருவர். ஒருவர் மெக் ஹூரிகன் என்னும் அம்மையார். மற்றவர் இவான் வில்லியம்ஸ். நெப்ராஸ்கா மாநிலத்தில் உழவர் குடியிற் பிறந்தவர்.

2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தில் பணம் வற்றிப்போயிற்று. உடன் உழைத்தோர் ஒவ்வொருவராக விலகினர். வில்லியம்ஸ் தனியராய் நின்று பிளாகரை நடத்தினார். கணிப்பொறிகள் சுமை தாங்கவில்லை. புதியன வாங்கப் பொருளில்லை என்று அறிவித்தபோது, அக்கருவியில் எழுதி வந்தோரே நன்கொடை அனுப்பினர். தம்முடையது என்று மக்கள் கருதிய ஒன்றை மக்கள் கைவிடவில்லை. இக்குறிப்பை உள்ளத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் இதற்குத் தேவை ஏற்படும். 2003 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் பிளாகரை வாங்கிக்கொண்டது.

அதன்பின் வில்லியம்ஸ், நோவா கிளாஸ் என்பாருடன் சேர்ந்து ஓடியோ என்னும் நிறுவனத்தில் ஈடுபட்டார். ஒலிப்பதிவு உரைகளை இணையத்தில் தேடவும் கேட்கவும் உதவுவது அதன் தொழில். 2005 சூன் திங்களில் ஆப்பிள் நிறுவனம் தன்னுடைய ஐடியூன்ஸிலேயே அவ்வசதியைச் சேர்த்துவிட்டது. பெரிய கடை இலவசமாகக் கொடுக்கும் பொருளைச் சிறிய கடையில் வாங்குவார் யார்? ஓடியோவினர் ஈ ஓட்டும் நிலைக்கு வந்தனர். புதியது ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், உள்ளே இருந்தோர் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து எண்ணமிட்டனர். அவ்வாறு பிறந்ததுதான் டுவிட்டர். ஜாக் டார்சி என்னும் இளைஞரின் கருத்து அது. நோவா கிளாசும் பிஸ் ஸ்டோனும் அவருடன் நின்று அதனை உருவாக்கினர். 2006 மார்ச்சு 21-ஆம் நாள் முதற் செய்தி எழுதப்பெற்றது. அவ்வாண்டு சூலையில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பெற்றது. டுவிட்டர் பிறந்ததே ஆஸ்டினில்தான் என்று கூறுவோர் உளர், அது பொருந்தாது. ஆஸ்டினுக்குச் செல்லும்போது அஃது எட்டு மாதக் குழந்தை.

டுவிட்டர் ஒரு வலைப்பதிவுதான். ஆயின் மிகச் சுருங்கிய வலைப்பதிவு. செல்பேசியின் குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்கும். அவற்றுள் 20-ஐ எழுதுவோரின் பெயருக்கென ஒதுக்கி, எஞ்சிய 140 எழுத்துகளுக்குள் செய்தியை முடிக்க வேண்டும் என வரையறுத்தனர். சொல்லுக்கு இத்தனை காசு என்று எண்ணி எண்ணித் தந்தி கொடுத்த நம் பெரியோர்க்கு இச்சுருக்கம் புதியதன்று. நம் நாட்டில் 2013 சூலையில் நிறுத்தப்பெற்ற அத்தந்தி, ஒருவர் மற்றொருவர்க்கு அனுப்புவது. இதுவோ ஒருவர் எழுதினால் அவரைப் பின்தொடர்வோர் அனைவர்க்கும் ஒரே நொடியில் சென்று சேர்வது.

இங்கேதான் இதனை விளம்பரம் செய்வோர்க்கு இடர்ப்பாடு தோன்றுகின்றது. ஒரு புத்தகத்தைத் தனியொருவர் வாங்கினும் அவர் படித்துப் பயன் பெறுவார். ஊரில் ஒருவரிடம் மட்டும் தொலைபேசி இருப்பின் அதனால் அவர்க்கு ஆவதென்ன? பலர் சேர்ந்தாலன்றிப் பயன்படாத பொருளில், முதலில் சேர்வோர் யார்? நாடெங்கும் நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தால் ஊருக்கு ஒருவர் வந்து எட்டிப் பார்ப்பர். தமக்குத் தெரிந்த முகம் ஒன்றுமில்லை எனக் கண்டு வந்த வழியே திரும்புவர். ஆகவே, ஆயிரம் ஊர்களில் ஆயிரம் பேரைச் சேர்ப்பதினும், ஒருவரையொருவர் அறிந்த ஆயிரம் பேரை ஓரிடத்திலே சேர்ப்பது சிறந்தது என்னும் முடிவிற்கு நாம் வருகின்றோம். அத்தகைய இடமாக அமைந்ததே ஆஸ்டின்.

டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரமாகிய ஆஸ்டினில் ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் ஒரு பெருவிழா நடைபெறுகின்றது. 'சவுத் பை சவுத்வெஸ்ட்' என்பது அதன் பெயர். 1987-இல் இசை விழாவாகத் தொடங்கி, 1994-இல் திரைப்படத்தையும் கணிப்பொறி ஊடகத்தையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. நாளடைவில் இணையத் தொழில் புரிவோர் கூடிப் பேசும் மாநாடாக அதன் ஒரு பகுதி வளர்ந்தது. நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் சாமி கும்பிட வந்தவர்க்குச் சமமாகக் கடைத்தெருவில் நின்று கதை பேசுவோரும் இருப்பதுண்டு. அம்மாநாட்டிலும் சொற்பொழிவு கேட்போர் கூடங்களுக்குள் இருப்பர். நடைவழிகளில் நின்று அளவளாவுவோர் வெளியே இருப்பர்.

இத்தகைய மாநாடுகளில் புதிய நிறுவனங்கள் விளம்பரம் தேடுவதற்கு வழக்கமான முறை ஒன்று உண்டு. கண்காட்சிக் கூடத்தில் வாடகைக்கு ஒரு ஸ்டால் பிடிப்பர், பதாகை கட்டுவர், தம் பெயர் பொறித்த பனியன், பேனா முதலியவற்றை வாரி வழங்குவர். பேனாவைப் பெற்றவர் மை தீரும்வரை எழுதுவர். கொடுத்தவர் பெயரை அன்றே மறப்பர்.

டுவிட்டர் நிறுவனத்தார் அவ்வழியை விலக்கினர். எங்களுக்குக் கண்காட்சிக் கூடத்தில் ஸ்டால் வேண்டா. நடைவழியில் திரை வைக்க இடம் தாருங்கள் என்று விழா நடத்துவோரிடம் பேசினர். அதற்குமுன் அவ்விழாவில் அப்படியொரு வழக்கம் இல்லை. பேசி இசைவு பெற்று, 60 அங்குல அளவுள்ள தட்டைத் திரைகள் இரண்டை நடைவழியில் நிறுத்தினர். நிறுவும் வேலையையும் தாமே செய்தனர். இதற்கு ஆன செலவு 11,000 டாலர் என்று வில்லியம்ஸ் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அன்றைய நாணய மாற்றில் அஃது ஏறத்தாழ ஐந்து இலட்சம் ரூபாய்.

அத்திரைகளில் நிறுவனத்தின் புகழ் பாடப்பெறவில்லை. மாநாட்டிற்கு வந்தோர் டுவிட்டரில் எழுதிய செய்திகளே, எழுதியவர் பெயருடன், ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. இன்ன கூடத்தில் நடக்கும் பேச்சு நன்றாக இருக்கின்றது, நண்பர்கள் இன்ன உணவு விடுதியில் கூடியிருக்கின்றனர் என்பன போன்ற செய்திகள் பரவின. புதியவர் சேர்வதற்கும் எளிய வழி வகுத்திருந்தனர். செல்பேசியில் இரண்டு சொற்களை அடித்து 40404 என்னும் எண்ணுக்கு அனுப்பினாற் போதும்; அவர் எழுதுவது திரையிலே தோன்றும். அதுமட்டுமன்று. அவ்வாறு புதிதாகச் சேர்ந்தவர், அம்மாநாட்டிலேயே இருந்த ஐந்தாறு பழைய உறுப்பினர்களைத் தாமாகவே பின்தொடருமாறு ஏற்பாடு செய்திருந்தனர். வீட்டிற்கு வந்த புதிய விருந்தினரை வெறுந் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுப் போகாமல், பேச்சுத் துணைக்கு ஆள் வைத்த பண்பு அது.

விளைவு யாது? அதுவரை நாளொன்றுக்கு 20,000 என்றிருந்த செய்திகளின் எண்ணிக்கை, அம்மாநாட்டின்போது 60,000 ஆக உயர்ந்தது. அம்மாநாட்டில் வழங்கப்பெறும் இணையப் பரிசுகளுள் வலைப்பதிவுப் பிரிவிற்குரிய பரிசும் டுவிட்டருக்கே கிடைத்தது. பரிசு பெற்ற டார்சி, 140 எழுத்துகளுக்குள் நன்றி சொல்ல விழைவதாகக் கூறி, அவ்வாறே சொல்லி முடித்துவிட்டதாகவும் கூறி அமர்ந்தார் என்பர். அடுத்த திங்களாகிய 2007 ஏப்ரலில் டுவிட்டர் தனி நிறுவனமாயிற்று.

அன்பர்களே! இவ்வெற்றிக்குக் காரணம் யாது? 11,000 டாலர்தான் என்று சொல்லிவிடலாமா? அதனினும் பன்மடங்கு செலவிட்ட நிறுவனங்கள் அவ்விழாவிற்கு எத்தனையோ வந்து போயின. திரைகள்தாம் காரணமா? கடைத்தெருவில் இன்று திரை இல்லாத மூலை ஏது?

காரணத்தை நாம் அறிந்த காட்சி ஒன்றால் விளக்குவோம். நம்மிற் பலர் இரயில்வேயில் பணிபுரிவோர். அண்மைக் காலம் வரை நிலையத்தில் வந்து நிற்கும் வண்டியின் பெட்டிதோறும், கதவருகே முன்பதிவுப் பட்டியல் ஒட்டப்பெற்றதை நாம் அறிவோம். மங்கிய மையில் அச்சிட்ட மட்டமான தாள் அது. அதற்கு ஐந்தடி தொலைவில் வண்ண விளக்கிட்ட விளம்பரப் பலகை பளபளக்கும். பலகையின் பக்கம் எவரும் திரும்பார். பட்டியலின் முன்னரோ ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியை உயர்த்தியும் தாழ்த்தியும், விரலால் வரிவரியாகத் தடவிப் பார்ப்பர். காரணம் வெளிப்படை. அப்பட்டியலில் அவர்தம் பெயர் இருக்கின்றது. தம் பெயரைக் கண்ட பின்னரும் அவர் அகல்வதில்லை. அடுத்த படுக்கையில் வருபவர் யார், அவர் எந்த ஊரில் இறங்குபவர் என்றும் பார்த்த பின்னரே பெட்டி ஏறுவர்.

ஆஸ்டின் நடைவழியில் நின்ற திரைகள் அத்தகைய பட்டியல்களே. பார்க்க வந்தவர் தம்மையும் தம் நண்பரையும் அங்கே கண்டனர். வாங்க வந்தவராக அவர்களை நடத்தாமல், எழுத வந்தவராக நடத்தினமையே அதன் சிறப்பு. 2001-இல் பிளாகர் நொடித்தபோது நன்கொடை அனுப்பியவரும் அதில் எழுதி வந்தோரே என்பதனை இங்கு நினைவுகூர்க. தாம் கை வைத்து ஆக்கிய பொருளின்மீது மக்களுக்கு உண்டாகும் பற்று, எத்தனை அழகிய துண்டறிக்கையாலும் உண்டாவதில்லை.

காலம் அறிந்தமையும் ஒரு காரணமாகும். பிறந்தவுடன் கூவாமல், சிலரேனும் பயன்படுத்தத் தொடங்கிய பின்னர், அச்சிலரும் அவர்தம் நண்பரும் ஓரிடத்தில் கூடும் நாளை நோக்கியிருந்து அவர்கள் சென்றனர். வெறும் அடுப்பை ஊதினால் சாம்பல்தான் பறக்கும். கங்கு இருக்கும்போது ஊதினால் தீப் பற்றும்.

எனினும் வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது நடுநிலை ஆகாது. மறுபக்கத்தையும் காண்போம்.

கூட்டம் வந்தது, வந்த கூட்டத்தைத் தாங்கும் வலிமை டுவிட்டரின் கணிப்பொறிகளுக்கு அப்போது இல்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் அது அடிக்கடி முடங்கிற்று. முடங்கியபோதெல்லாம், சிறு பறவைகள் பல கூடி ஒரு திமிங்கிலத்தைத் தூக்கிச் செல்லும் படம் ஒன்று தோன்றும். அப்படமே உலகெங்கும் நகைப்பிற்குரிய அடையாளமாயிற்று. விளம்பரம் விருந்தினரை அழைத்து வரும். உலையில் அரிசி போடுவது வீட்டாரின் பொறுப்பு.

இன்னொன்று. கூட்டத்திற்கு அதன் குரலைக் காட்டிக் கொடுத்த கருவி, மேடைக்கு எதிராகவும் திரும்பியது. 2008 மார்ச்சில் அதே ஆஸ்டினில், ஃபேஸ்புக் நிறுவனத் தலைவர் மார்க் சக்கர்பெர்க்கை ஓர் அம்மையார் மேடையில் பேட்டி கண்டார். கேள்விகள் அவையோர்க்கு உவப்பாக இல்லை. முன்னாளில் ஒவ்வொருவரும் தம் மனத்துள் முணுமுணுத்து எழுந்து போயிருப்பர். அன்றோ டுவிட்டர் வழியாக ஒருவர் முணுமுணுப்பை மற்றவர் அறிந்து, முடிவில் வெளிப்படையாகவே கூச்சலிட்டனர். மக்களைப் பேச அழைப்பவர் எல்லாப் பேச்சையும் கேட்க ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவதாகச் சொல்லப்புகுவது சற்று வருந்தத்தக்கது. 2007-க்குப் பின் ஆஸ்டினுக்குச் சென்றால் புகழ் உறுதி என்று நம்பிப் புதிய நிறுவனங்கள் பல அங்கே படையெடுத்தன. 2015 மார்ச்சில் மீர்கட் என்னும் கருவி அங்குப் பெரும்பேச்சாயிற்று. செல்பேசியில் படம் பிடித்து, அப்போதைக்கப்போதே டுவிட்டர் நண்பர்க்குக் காட்டும் கருவி அது. அது பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மாநாடு தொடங்கிய நாளாகிய மார்ச்சு 13-ஆம் நாள், டுவிட்டர் நிறுவனம் அதே தொழிலுக்குரிய பெரிஸ்கோப் என்னும் நிறுவனத்தைத் தான் வாங்கியுள்ளதாக அறிவித்தது. அத்துடன், மீர்கட் தன் நண்பர் பட்டியலைப் பயன்படுத்த முடியாதவாறு வழியையும் அடைத்தது. நடைவழியில் இடம் கேட்டுப் பெற்று வாழ்ந்த நிறுவனம், எட்டு ஆண்டுகள் கழித்து அதே ஊரில், தன்னை அண்டி வந்த ஒன்றுக்கு வாயிற்கதவைச் சாத்தியது. மீர்கட் 2016-இல் மறைந்தது. அதனை வீழ்த்திய பெரிஸ்கோப்பும் 2021-இல் மூடப்பெற்றது.

வலைப்பதிவு எழுதுவோர் இதனினும் கூர்ந்து கவனிக்க வேண்டியது போஸ்டரஸ் என்னும் நிறுவனத்தின் முடிவு. மின்னஞ்சல் அனுப்பினாலே வலைப்பதிவாகிவிடும் என்னும் எளிமையால் மக்களைக் கவர்ந்த நிறுவனம் அது. 2012 மார்ச்சில் டுவிட்டர் அதனை வாங்கியது. 2013 ஏப்ரல் 30-ஆம் நாள் மூடிவிட்டது. எழுதி வைத்தோர் தத்தம் எழுத்தை அதற்குள் எடுத்துக்கொள்ளுமாறு அறிவிப்புத் தந்தனர். எடுத்தவர் பிழைத்தார், எடுக்காதவர் எழுத்துப் போயிற்று. டுவிட்டரின் கதையும் அவ்வாறே மாறிற்று. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் அதனை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். 2023 சூலையில் அதன் பெயரை 'எக்ஸ்' என்று மாற்றினார். ஆஸ்டின் நடைவழியில் ஓடிய பெயர் இன்று இல்லை.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

நம் சங்கத்தில் இன்று மூன்று தலைமுறை உண்டு. தமிழ்நாட்டிலிருந்து பெட்டி படுக்கையுடன் வந்திறங்கிய முதல் தலைமுறையினர்க்குத் தமிழில் எழுதத் தெரியும். செல்பேசியில் எழுத்தடிக்க விரல் வாராது. அவர்தம் பேரக் குழந்தைகளுக்கோ செல்பேசி விளையாட்டுப் பொருள். தமிழும் நன்கு பேசுவர். ஆயின் அம்மா என்னும் சொல்லை எழுதிக் காட்டினாற் படிக்கத் தெரியாது. இடையிலுள்ள நாமோ, முன்னவர்க்கு எழுதித் தர நேரமின்றியும், பின்னவர்க்குக் கற்றுத்தர நேரமின்றியும், காலை ஷிஃப்டிற்கும் இரவு ஷிஃப்டிற்குமாக ஓடிக்கொண்டிருக்கின்றோம். முதல் தலைமுறையினர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஒவ்வொருவர் மறையும்போதும், எந்த ஆண்டில் வந்தோம், எவர் வீட்டுத் திண்ணையில் முதலில் தங்கினோம், தமிழ் பேசும் முகத்தைக் காண எத்தனை கல் நடந்தோம் என்னும் செய்திகள் அவருடனேயே போய்விடுகின்றன. இளைஞர்கள் தொடங்கவிருக்கும் வலைப்பதிவிற்கு அவசரம் உண்டு என்று யாம் கருதுவது இதனால்தான்.

ஆதலின் ஆஸ்டின் வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கன இவை என முன்மொழிகின்றோம்.

முதலாவது, மண்டபத்தின் ஓரத்தில் ஸ்டால் வேண்டா. ஆண்டு விழாவில் நம்மவர் எங்கே நிற்பர் என்பதை நாமே அறிவோம். மேடைக்கு எதிரே நாற்காலிகள் காலியாக இருக்கும்போதும், மண்டபத்திலிருந்து பந்திக்குச் செல்லும் நடைவழியில் மூச்சுவிட இடமிராது. காப்பித் தம்ளருடன் அங்கே நின்றுதான் நாம் ஆண்டு முழுவதும் பேசாததை எல்லாம் பேசுகின்றோம். திரை அங்கே வைக்கப்பெறுக. பள்ளியிலோ அலுவலகத்திலோ ஒரு படம் வீழ்த்தும் கருவியை இரவலாகப் பெற்று, வெள்ளை வேட்டி ஒன்றைச் சுவரிற் கட்டினாலும் போதும். செலவே கூடாது என்போர்க்கும், செலவு செய்தே தீரவேண்டும் என்போர்க்கும் இது நடுவழி ஆகும்.

இரண்டாவது, அத்திரையில் சங்கத்தின் பெருமை ஓடவேண்டா. வந்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வாக்கியம் எழுதித் தருக. இன்ன ஊரிலிருந்து இன்ன ஆண்டில் வந்தோம். வரும்போது கையில் கொண்டுவந்த பொருள் இன்னது. அவ்வளவே. பெரியோர் ஒரு துண்டுத் தாளில் பேனாவால் எழுதுக. அருகில் ஒரு பிள்ளை அமர்ந்து, எழுத்துக் கூட்டி, அதனைப் பொறியில் அடிக்குக. பாட்டி சொல்லப் பேத்தி அடிப்பாளாயின், ஒரு மணி நேரத்தில் இருவர்க்கும் பாடம் நடந்துவிடும். தன் பெயரும் தன் பாட்டியின் பெயரும் தமிழெழுத்தில் சுவரளவு பெரிதாக நிற்பதைக் கண்ட பிள்ளை, அது யாது என்று படிக்க முயலாமல் இராது.

மூன்றாவது, விழாவிற்கு முன்பே ஐந்தாறு குடும்பத்தார் பத்துப் பத்துப் பதிவுகளேனும் எழுதி வைத்திருத்தல் வேண்டும். புதிதாக வந்து நுழைபவர் வெறும் வீட்டைக் கண்டு திரும்பலாகாது. விழா முடிந்த மறுவாரம் அவர்க்கு மறுமொழி சொல்லவும் ஆள் வேண்டும்.

நான்காவது, பிறர் வரையும் கோட்டிற்குள் நம் எழுத்தை அடைக்கும்போது அதன் அளவை அறிந்துகொள்க. 'வணக்கம்' என்பது நம் கணக்கில் ஐந்து எழுத்து. பொறியோ மெய்யெழுத்தின் புள்ளியையும் தனியாக எண்ணி அதனை ஏழாகக் கொள்ளும். ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் குறுஞ்செய்தி, தமிழில் 70 அளவே கொள்ளும். 2017 நவம்பரில் டுவிட்டர் தன் எல்லையை 280 ஆக உயர்த்தியபோது தமிழும் அப்பயனைப் பெற்றது. ஆயினும் நம் பாட்டிமார் சொல்லும் கதைகள் அதற்குள்ளும் அடங்குவன அல்ல. திரையில் ஒரு வரி ஓடுக. முழுக் கதைக்கு வலைப்பதிவில் தாராளமாக இடம் இருக்குக.

ஐந்தாவதும் இன்றியமையாததும் ஆகிய ஒன்று. பிறர் நிலத்தில் வீடு கட்டுவோர் பத்திரத்தைத் தம்மிடம் வைத்திருத்தல் வேண்டும். எந்த நிறுவனத்தின் கருவியில் நாம் எழுதினாலும், ஆண்டுக்கு ஒருமுறை அவ்வெழுத்து முழுவதையும் படியெடுத்து, தாளில் அச்சிட்டு, கட்டடம் செய்து, நம் சங்கத்து நூலகத்தில் வைக்க வேண்டும். விளம்பரத்திற்கு மிச்சப்படுத்திய பணத்தை இதற்குச் செலவிடுவது தகும். போஸ்டரஸ் மூடப்பெற்றதுபோல் நாளை எது மூடப்பெறினும், நம்மவர் வரலாறு நம் அலமாரியில் இருக்கும். அலமாரியின் சாவி மட்டும் ஒருவர் சட்டைப் பையிலேயே இராமல், எவரும் எடுக்குமிடத்தில் இருக்குமாறு நூலகச் செயலாளரை அன்புடன் வேண்டுகின்றோம். (சிரிப்பு)

ஆஸ்டினில் வென்றவர்கள் முன்பு ஒரு தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டு, மற்றொன்றைப் பற்றி நின்றவர்கள். மக்கள் எங்கே நிற்கின்றனர், எதனைக் காண விழைகின்றனர் என்று கூர்ந்து நோக்கியதே அவர்தம் முதல். அம்முதல் நம்மிடமும் உண்டு. நம் மக்கள் நிற்கும் நடைவழியை நம்மைவிட நன்கறிந்தார் எவர்?

இளைஞர்களின் இம்முயற்சிக்குச் செயற்குழு இசைவளிக்க வேண்டுமென்றும், முதல் வாக்கியங்களை எழுதித் தரும் குடும்பங்கள் இன்றே செயலாளரிடம் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கின்றோம்.